நல்லாத்தான் இருக்கா

ஜூன் 3, செவ்வாய்

மதுரையிலிருந்து திரும்பி வரும் வழி முழுக்க சங்கரலிங்கம் பாட்டே போடவில்லை. என் மகனுக்குப் பாட்டு இல்லாமல் கார் ஓட்ட வராது. அப்போதே தெரிந்துகொண்டேன், இவன் எதையோ வாயில் அடக்கி வைத்திருக்கிறான்.

டாக்டர் ஜுனைதா சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன். இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வாசலில் ஒரு வால்வு இருக்கிறது. எனக்கு அது சுண்ணாம்பு படிந்து இறுகிப்போய்ச் சரியாகத் திறக்க மாட்டேன் என்கிறதாம். படி ஏறினால் மூச்சு வாங்குவதற்கும், சித்திரையில் கொடியில் துணி காயப்போடும்போது கண் இருட்டிக்கொண்டு வந்ததற்கும் அதுதான் காரணம். எண்பத்து நாலு வயதில் நெஞ்சைப் பிளந்து மாற்றுவது ஆபத்து. அதனால் தொடையில் துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாகவே ஒரு புது வால்வைச் சுருக்கிக் கொண்டுபோய், பழையதற்குள்ளேயே விரித்துவிடுவார்களாம். குடை விரிக்கிற மாதிரி என்று கையால் காட்டினார். செலவைக் கேட்டால் "அது என் பாடு" என்கிறான் சங்கரன்.

எனக்கு இது புதுச் சங்கதி இல்லை. சௌந்தரிக்குப் போன மாதம் இதே ஆஸ்பத்திரியில் இதே டாக்டர்தான் இதைச் செய்தார். ஞானசௌந்தரியும் நானும் ஒரே வருஷம் டெலிபோன் இலாகாவில் சேர்ந்தவர்கள். வெளியூர் அழைப்புகளை இணைத்துவிடுகிற டிரங்க் போர்டில் அடுத்தடுத்த நாற்காலி. அவள் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாளையங்கோட்டை முருகன்குறிச்சி. நான் திருநெல்வேலி டவுன். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். நோயிலும் முந்திக்கொண்டாள்.

கங்கைகொண்டான் தாண்டியதும் கேட்டேன். "சௌந்தரி எப்படிடே இருக்கா?"

"நல்லாத்தான் இருக்காங்கம்மா."

நல்லா இருக்காங்க என்றிருந்தால் விட்டிருப்பேன். நல்லாத்தான் என்றான். வேலை பார்த்த காலம் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சைக் கேட்டவள் நான். கேட்கக்கூடாது என்றுதான் சட்டம். காதுக்குச் சட்டம் தெரியுமா? மாப்பிள்ளை நல்லாத்தான் வச்சிருக்காரு என்று எந்தப் பெண் தாயிடம் சொன்னாலும், அந்த வீட்டில் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

ஜூன் 5, வியாழன்

காலையில் சௌந்தரி வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தது அவள் மகள் ஹெலன்.

"அம்மா தூங்குதாங்க சித்தி."

மணி பத்து. சௌந்தரி பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை. நைட் டூட்டி முடிந்து வந்த நாளில்கூட மீன் வாங்கக் கிளம்பிவிடுவாள்.

"எந்திரிச்சதும் பேசச் சொல்லு."

"சரி சித்தி. டாக்டர் அதிகம் பேசக் கூடாதுன்னுருக்காங்க."

வைத்த வால்வு நெஞ்சில். அது பேச்சுக்கு எதற்குக் குறுக்கே நிற்கிறது?

ஜூன் 6, வெள்ளி

இன்று மயக்கம் ஒன்றும் இல்லை. குளியலறையில் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். தரை ஓடு எப்படித் தேய்த்திருக்கிறது என்று பார்த்தேன். வெளியே வந்தால் மருமகள் கோமதி கதவை ஒட்டி நிற்கிறாள், கையில் வாருகோலோடு. அவள் பெருக்குகிற நேரம் அது இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

சொதி வைத்தாள் கோமதி. உப்பைக் குறைத்து வைத்ததில் தேங்காய்ப்பால் வெறும் பாலாக இருந்தது. டாக்டர் உத்தரவாம்.

சாப்பிட்டுவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது அடுக்களையில் போனில் பேசினாள். எனக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

"தெரிஞ்சா பண்ணிக்கிட மாட்டாங்க ஹெலன் அக்கா. கொஞ்ச நாளைக்குத்தான்."

பிறகு என்னைப் பற்றி ஏதோ சொன்னாள். குரல் தாழ்ந்துவிட்டது. "இன்னிக்கும்" என்ற ஒரு சொல் மட்டும் விழுந்தது.

என்ன இன்னிக்கும்?

ஜூன் 9, திங்கள்

டாக்டர் ஜுனைதா மாதம் ஒரு நாள் எங்கள் ஊர் வண்ணாரப்பேட்டைக்கு வந்து நோயாளிகளைப் பார்க்கிறார். சங்கரன் அழைத்துப் போனான். சின்ன வயசு. கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். அதற்காக நம்பிவிட முடியாது.

வயதானவர்களுக்கு இது எப்படி முடிகிறது என்று கேட்டேன். நிறையப் பேர் ஒரு வாரத்துக்குள் நடந்து வீட்டுக்குப் போகிறார்களாம். சிலருக்கு இதயத் துடிப்பு மந்தமாகி பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வரும். கொஞ்சம் பேருக்குப் பக்கவாதம் வரலாம். இன்னும் சிலருக்கு வால்வு நன்றாக வேலை செய்தும் உடம்பு தேறாது, ஏனென்றால் தளர்ச்சிக்குக் காரணம் வால்வு மட்டும் இல்லை.

"பண்ணாம விட்டா?"

"மூச்சுத் திணறல் கூடிக்கிட்டே போகும்மா. ரொம்ப நாள் தாங்காது."

"எங்க ஊர்ல இருந்து ஞானசௌந்தரின்னு ஒருத்தி உங்ககிட்ட வந்தாளே. அவ எப்படி இருக்கா?"

டாக்டர் சங்கரனைப் பார்த்தார். சங்கரன் சுவரில் இருந்த இதயப் படத்தைப் பார்த்தான்.

"இன்னொரு நோயாளியைப் பத்தி நான் சொல்லக் கூடாதும்மா. உங்களுக்கு மயக்கம் மறுபடி வந்துச்சா? விழுந்தீங்களா?"

"இல்லை" என்றேன்.

பேச்சை எவ்வளவு சாமர்த்தியமாக மாற்றினார் பாருங்கள்.

ஜூன் 12, வியாழன்

சாயங்காலம் கடையிலிருந்து சங்கரன் சிரித்துக்கொண்டே வந்தான். ஜங்ஷனில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். கடை மூடும் முன்பே வந்துவிட்டான் என்றால் காரியம் இருக்கிறது. "சௌந்தரி அத்தை உனக்கு மெசேஜ் அனுப்பிருக்காங்கம்மா" என்று போனை என் காதருகே பிடித்தான்.

சௌந்தரி குரல்தான். சந்தேகமே இல்லை.

"ஏட்டி ஆவுடை... நான் நல்லாருக்கேன்... ஒண்ணும் பயமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான்... நீயும் போயிப் பண்ணிக்கோ... சாக்குப்போக்குச் சொல்லாத."

மறுபடி போடச் சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டேன். சங்கரன் முகத்தில் பூரிப்பு. அம்மா நெகிழ்ந்துபோனாள் என்று நினைத்திருப்பான்.

நான் கேட்டது பேச்சை இல்லை, இடையில் விழுகிற மூச்சை. இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு தடவை நின்று இழுக்கிறாள். போன மாதம் மதுரைக்குப் போவதற்கு முன்னால் அவள் இப்படித்தான் பேசினாள். வால்வு மாற்றி நன்றாக இருக்கிறவளுக்கு ஏன் இன்னும் மூச்சு இழுக்கிறது?

இது ஆபரேஷனுக்கு முன்னால் பதிந்த பேச்சு.

ஜூன் 13, வெள்ளி

விடிந்ததும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். போனுக்கு வருவதில்லை. டாக்டர் வாய் திறக்கவில்லை. தெரிந்தால் பண்ணிக்கிட மாட்டாங்க என்கிறாள் கோமதி. போன மாதக் குரலை எடுத்து இந்த மாதம் போட்டுக் காட்டுகிறார்கள்.

சௌந்தரி செத்துப்போய்விட்டாள்.

முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட என்னை விடவில்லை. அவர்கள் சர்ச்சில் மணி அடித்திருப்பார்கள், பாட்டுப் பாடி எடுத்துப் போயிருப்பார்கள், நான் இங்கே உப்பில்லாத சொதி சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

தலைக்குக் குளித்தேன். "இன்னிக்கு எதுக்கு அத்தை தலைக்கு ஊத்துனீங்க, சளி பிடிக்கும்லா" என்றாள் கோமதி. வெள்ளிக்கிழமை என்றேன். அழவில்லை. ஈரத் தலையால் கண் சிவந்திருந்தது.

ஜூன் 14, சனி

கோமதி பேங்குக்குப் போனதும் கிளம்பிவிட்டேன். தெருமுனையில் ஆட்டோ. பாலத்தில் போகும்போது தாமிரபரணியில் தண்ணீர் நிறைய. ஹெலனைப் பார்த்ததும் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஆட்டோ நின்ற இடத்திலிருந்து அவர்கள் வாசலுக்குக் கொஞ்ச தூரம்தான். காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று போனேன். நெஞ்சுக்குள் யாரோ ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி இருந்தது. கதவைத் திறந்த ஹெலன் என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க வச்சு அடக்கம் பண்ணுனீங்க?" என்றேன்.

"யாரை சித்தி?"

"யாரையா? நடிக்காத ஹெலன். உங்கம்மாவை."

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து குரல் கேட்டது. கணீர் என்று, மூச்சே வாங்காமல்.

"நம்பர் ப்ளீஸ்!"

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் காலத்தில் போர்டில் விளக்கு எரிந்ததும் இணைப்பு வயரைச் செருகி நாங்கள் முதலில் சொல்வது அதுதான். ஒரு ஷிப்டில் எத்தனை நூறு தடவை சொல்லியிருப்போமோ.

ஹெலன் என்னைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோனாள். ஜன்னலோரம் நாற்காலியில் சௌந்தரி. வாயின் ஒரு ஓரம் இறங்கியிருக்கிறது. வலது கை மடியில் கிடக்கிறது, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலரவில்லை. மகளைப் பார்த்து முறைத்தாள்.

"நம்பர் ப்ளீஸ்!"

இவளை யாரு உள்ள விட்டது என்று கேட்கிறாள். அந்தக் கோபம் எனக்குத் தெரியாதா?

ஹெலன் அழுதுகொண்டே சொன்னாள். வால்வு நன்றாகப் பொருந்திவிட்டதாம். மறுநாள் காலையில் ஒரு சின்ன ரத்தக்கட்டி மூளைக்குப் போய்விட்டது. உடனே பார்த்து வைத்தியம் செய்தும் வலது கையும் பேச்சும் போய்விட்டன. கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. பேச்சில் இந்த இரண்டு சொல் மட்டும்தான் மிச்சம்.

"பேச்சுப் பயிற்சிக்கு வார பொண்ணு சொல்லுது, வருஷக்கணக்கா வாய்ப்பாடமாச் சொன்னது சில பேருக்கு அழியாம நிக்குமாம். ஜெபம் நிக்கும், பாட்டு நிக்கும்ங்கா. எங்கம்மாவுக்கு ஜெபம்கூட நிக்கலை சித்தி."

"அப்ப அந்த மெசேஜ்?"

"மதுரைக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் அவங்களே பேசி வச்சாங்க. எனக்கு என்ன ஆனாலும் இதை அவளுக்கு அனுப்பு, நான் நல்லாருக்கேன்னு தெரிஞ்சாத்தான் அந்தப் பயந்தாங்குளி பண்ணிக்கிடுவான்னாங்க. சங்கரன் அண்ணன்ட்டயும் அவங்கதான் சொல்லச் சொன்னாங்க."

பயந்தாங்குளி என்பது ஹெலன் தானாகச் சேர்த்ததாக இருக்கும்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சௌந்தரியைத் திட்டினேன். "செத்துட்டன்னு நெனைச்சுத் தலைக்கு ஊத்திட்டு வாரேன்டி மூதி! உன்னை யாரு எனக்காகப் பொய் சொல்லச் சொன்னா?" அவளும் விடவில்லை. நம்பர் ப்ளீஸ், நம்பர் ப்ளீஸ் என்று ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்தாள். கேலி செய்தாள், அதட்டினாள், ஒரு தடவை கெஞ்சினாள். ஒன்றுகூட எனக்குப் புரியாமல் போகவில்லை. ஹெலன்தான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டேன். "எனக்கு உண்மையைச் சொல்லு சௌந்தரி. உன்னை இப்படி ஆக்கிட்டு. நானும் போய்ப் பண்ணிக்கிடட்டுமா?"

அவள் இடது கையால் வாக்கரைப் பிடித்து எழுந்தாள். ஹெலன் ஓடிவந்ததைத் தள்ளிவிட்டாள். கட்டிலுக்குப் போய் அதில் அடுக்கியிருந்த தலையணைகளை ஒவ்வொன்றாகத் தரையில் எறிந்தாள். பிறகு மல்லாக்க, மட்டமாக, தலைக்கு ஒன்றும் இல்லாமல் படுத்தாள். நெஞ்சின் மேல் இடது கையை வைத்துக்கொண்டு மூச்சு விட்டாள். இழுக்கவில்லை. நிற்கவில்லை. சேலை மேலே ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று என்னையே பார்த்தாள்.

"எவ்வளவு நாளா உக்காந்துக்கிட்டே தூங்குனாங்க தெரியுமா சித்தி" என்றாள் ஹெலன்.

அப்படிப் படுத்தபடியே சௌந்தரி அழுதாள். கண்ணீர் காதுக்குள் போயிற்று. என் சேலை முந்தியால் துடைத்துவிட்டேன். அவள் சொன்ன பதிலில் படுக்கையும் இருந்தது, கண்ணீரும் இருந்தது. இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்று அவள் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சங்கரன் கடையை விட்டு வந்து தெருவில் நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"சேந்து மறைச்சீங்க, என்னடே?"

"அத்தை சொன்னாங்கன்னு செஞ்சேன்." பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "அவங்க சொல்லலைன்னாலும் மறைச்சிருப்பேம்மா."

குரலில் பொய்யே இல்லை. கோபம் இன்னும் அதிகமாயிற்று.

ஜூன் 15, ஞாயிறு

மதுரைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பயத்தினால் இல்லை.

பீரோவில் பட்டுச் சேலைகளை எடுத்துப் பிரித்து வைத்தேன். எது யாருக்கு என்று கோமதியிடம் சொன்னேன். ரொம்ப நாளாகச் செய்ய வேண்டும் என்று நினைத்திருந்த வேலை.

ஜூன் 19, வியாழன்

கோமதி இதுவரை என்னிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை. இன்று பேசினாள்.

"எங்க எல்லாரையும் பொய் சொல்லுதோம்ங்கீங்க. நீங்க மட்டும் என்ன அத்தை?"

"நான் என்ன மறைச்சேன்?"

"குளிக்கப் போறீங்க. தண்ணி ஊத்துற சத்தம் நின்னுருது. அப்புறம் தொப்புன்னு ஒரு சத்தம். கூப்பிட்டா பதில் இல்ல. கதவை இடிக்கலாமான்னு நிக்கையில நீங்களே வெளிய வந்து சும்மா உக்காந்திருந்தேன்ங்கீங்க. தாழ்ப்பாளை நான்தான் ஸ்குரூவைக் கழட்டி வச்சேன். இன்னிக்கும் விழுந்தாங்கன்னு தினமும் ஹெலன் அக்காவுக்குப் போன் பண்ணுதேன். டாக்டர் கேட்டப்ப விழவே இல்லன்னீங்களே!"

சொல்லி முடித்ததும் அவளுக்கே பயம் வந்து உள்ளே போய்விட்டாள்.

மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் வழிகிற மாதிரிக் கேட்டது. முற்றத்துக்குப் போய் நின்று பார்த்தேன். வழியவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

ஜூன் 23, திங்கள்

சங்கரனிடம் டாக்டருக்குப் போன் போடச் சொல்லி நானே பேசினேன். விழுந்ததை எல்லாம் சொன்னேன். ஞாபகம் இருந்தவரைக்கும்.

"இதை அன்னிக்கே சொல்லிருக்கணும்மா" என்றார். கோபமாகத்தான் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது.

"சௌந்தரிக்கு ஆனது எனக்கும் ஆகுமா?"

"ஆகலாம். அதிகம் பேருக்கு ஆகுறதில்ல. ஆனா உங்களுக்கு ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க நம்பவும் மாட்டீங்க." பிறகு அவரே ஒன்று கேட்டார். "நீங்க என்னம்மா எதிர்பாக்குறீங்க? இதுல இருந்து என்ன வேணும் உங்களுக்கு?"

நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று கேட்பேன் என எதிர்பார்த்தாரோ என்னவோ. யோசித்துவிட்டுச் சொன்னேன். "குளிக்கப் போனா கதவை உள்ள பூட்டிக்கிடணும். வெளிய யாரும் காவலுக்கு நிக்கக் கூடாது. சௌந்தரி வீட்டுக்கு ஆட்டோவுல போய் இறங்கி, சுவரைப் பிடிக்காம நடக்கணும்."

"அதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா உங்க மூட்டு வலி போகாது."

"மூட்டுக்கு நான் உங்ககிட்ட வரலை" என்றேன். சிரித்தார்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். எனக்கு என்ன ஆனாலும் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும். பிறகுதான் மகனுக்கு.

ஜூலை 8, செவ்வாய்

ஆனித் தேரோட்டம். தெருவில் நிற்க இடமில்லை. ஜன்னலில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டேன். நாளை மதுரை. கோமதிக்குச் சுண்டவற்றல் குழம்பு என் பக்குவத்தில் எப்படி வைப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். அவளுக்கு ஏற்கெனவே தெரியுமாம். தெரிந்திருந்தாலும் இன்னொரு தடவை கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஜூலை 14, திங்கள், மதுரை

எழுத்து கோணலாக வருகிறது. ஆனால் இரண்டு கையும் அசைகிறது, முதலில் அதைத்தான் பார்த்தேன். அடுத்து வாய் திறந்து "ஆவுடையம்மாள்" என்று என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். நர்ஸ் "ஆமாம்மா, நீங்கதான்" என்றாள்.

முழு மயக்கம் கொடுக்கவில்லை. அரைத் தூக்கத்தில் பேச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. தொடையில் ஒரு அழுத்தம். பிறகு நெஞ்சு படபடவென்று ஓடி, சட்டென்று அடங்கியது. டாக்டர் என் காதருகே குனிந்து, "வால்வு உக்காந்துருச்சும்மா. உங்ககிட்ட முதல்ல சொல்றேன்" என்றார்.

அடுத்த நாள் நடந்ததாகச் சொல்வதை நான் நம்பவில்லை. ஐசியூவில் நர்ஸ்மார் என் லைனை ஒட்டுக் கேட்கிறார்கள் என்று கத்தினேனாம். கஞ்சியில் என்னவோ கலந்திருக்கிறது என்று தட்டிவிட்டேனாம். கோமதியைப் பார்த்து, "சூப்பர்வைசருக்குக் கோள் சொல்லுதது நீதானே" என்று கையைப் பிறாண்டினேனாம். வயதானவர்களுக்கு இது வரும், ஓரிரு நாளில் தெளிந்துவிடும் என்றார்களாம். கோமதி கையில் கீறல் இருப்பது உண்மை. பூனை பிறாண்டியதாகவும் இருக்கலாம்.

நடுவில் துடிப்பு மந்தமாகி, தோள்பட்டைக்குக் கீழே பேஸ்மேக்கர் ஒன்றும் வைத்துவிட்டார்கள். அதையும் எனக்குத்தான் முதலில் சொன்னாராம். எனக்கு ஞாபகம் இல்லை. சங்கரனிடம் கேட்டேன். "உனக்குத்தாம்மா முதல்ல சொன்னாங்க. நீதான் அவங்களைப் போடி பொய்க்காரின்னுட்ட" என்றான்.

ஜூலை 20, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. முழங்கால் பழைய முழங்கால்தான். மூச்சு புதுசு.

தாழ்ப்பாளை மாட்டச் சொன்னேன். சங்கரன் இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்றான். கோமதியே ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்து மாட்டினாள். உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு, நின்றபடி, நிதானமாகக் குளித்தேன். கதவுக்கு வெளியே வளையல் சத்தம் கேட்டது.

"போ, போய் அடுப்பைப் பாரு" என்றேன்.

வளையல் சத்தம் நகரவில்லை. நானும் மறுபடி சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

சௌந்தரிக்கும் எனக்கும் ஒரே நாளில் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒரே காரில் மதுரைக்குப் போனோம். சங்கரன் பாட்டுப் போட்டான். ஹெலன் பின்னால் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, இருவருக்கும் மாறி மாறி ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். சௌந்தரியின் வலது கை இப்போது ஒரு சுளையைப் பிடிக்கிறது. வாய்க்குப் போவதற்குள் விழுந்துவிடுகிறது.

எக்கோ எடுத்து முடித்து, டாக்டருக்காக வெளியே பெஞ்சில் இருந்தோம். சங்கரனும் ஹெலனும் மருந்து வாங்கப் போயிருந்தார்கள். எதிரே ஒரு கிழவி. அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பேச்சு. என்னைவிட மூத்தவளாக இருப்பாள், தொண்ணூறுகூட ஆகியிருக்கலாம். மூச்சு வாங்கிக்கொண்டு, கையிலிருந்த மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, போகிற வருகிற நர்ஸ் எல்லாரையும் கண்ணாலேயே சோதனை போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மகன், நரைத்த மீசை. அவன் அவளிடம் ஏதோ சொல்லச் சொல்ல, அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என்னைப் பற்றி நர்ஸ் சொல்லியிருப்பாள் போல. அந்த மகன் என்னிடம் வந்து குனிந்து மெதுவாகப் பேசினான்.

"உங்களுக்கும் இதேதானாம்லம்மா. நல்லா நடக்குறீங்க. எங்கம்மா பயப்படுறாங்க. ஒரு பயமும் இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன். இவங்களைப் பத்தி..." சௌந்தரி பக்கம் கண்ணைக் காட்டினான். "அது வேணாம்."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். கெட்டவன் இல்லை. தாய் வேண்டும் என்கிற பயம். என் மகனுக்கும் இந்த முகம்தான் இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை. அந்தக் கிழவி இங்கே பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் என்ன சொன்னாலும் நம்பப் போவதில்லை என்கிற பார்வை.

கைப்பிடியைப் பிடிக்காமல் எழுந்து நின்றேன். எல்லாருக்கும் கேட்கிற குரலில் அவளிடமே சொன்னேன்.

"எனக்கு வயசு எண்பத்து நாலு. போன மாசம் வச்சாங்க. ரெண்டு நாள் புத்தி பேதலிச்சிருந்தேன். பேஸ்மேக்கரும் வச்சிருக்கு. இப்ப படி ஏறுதேன், குளிக்குதேன். முட்டு வலிக்கி. இவ என் கூட்டாளி சௌந்தரி. இவளுக்கும் இதே வால்வு, இதே டாக்டர். கை விழுந்துட்டு, பேச்சு போயிட்டு. ஆனா மூச்சு நல்லா விடுதா. ரெண்டு பேரையும் நல்லாப் பாத்துக்கோங்க. பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

மகன் முகம் இருண்டது. "நான் என்ன கேட்டேன், நீங்க என்ன பண்ணுறீங்க" என்றான்.

சௌந்தரி அவனைப் பார்த்து "நம்பர் ப்ளீஸ்" என்றாள், வாயை மூடு என்கிற மாதிரி. அவனுக்குப் புரியாவிட்டாலும் அந்தக் கிழவிக்குப் புரிந்துவிட்டது. வாய்க்குள் சிரித்தாள்.

ரொம்ப நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் என் காலை. பிறகு சௌந்தரியின் வாயை, மடியில் கிடந்த கையை, ஏறி இறங்கும் நெஞ்சை. பிறகு மெதுவாக எழுந்தாள். எழுந்ததற்கே மூச்சு வாங்கியது. பிடிக்க வந்த மகனின் கையை விலக்கிவிட்டாள்.

"நீ செத்த நேரம் அங்கிட்டு நில்லுப்பா" என்றாள் அவனிடம்.

வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். மஞ்சப்பையைக் கீழே வைத்தாள்.

"இப்ப சொல்லுங்க" என்றாள். "முதல்ல இருந்து."